கையெழுத்துப் போடும் முன் பொருளைக் கேளுங்கள்!

(சிவகாசி வட்டாரத்தில், தீப்பெட்டி, பட்டாசு, மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் தங்கள் பிள்ளைகளுடன் கலந்துகொண்ட கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! பிளஸ் டூ எழுதிவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே!

இன்று நாம் சில சொற்களைப் பற்றிப் பேசப் போகிறோம். "கூலியைப் பற்றிப் பேசாமல், மேடை போட்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் போகிறார்களா?" என்று சிலர் நினைக்கலாம். ஆம், அதைத்தான் செய்யப் போகிறோம். அர்த்தம் தெரியாமல் போட்ட ஒரே ஒரு கையெழுத்து, ஒரு குடும்பத்தின் பல வருஷக் கூலியைக் கொண்டுபோய்விடும். ஆகவே இதுவும் கூலிப் பிரச்னைதான்.

மில் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆலை ஒரு நாள் ஓடவில்லை என்றால், நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்பீர்கள். 1953இல் தொழில் தகராறு சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. லே-ஆப் கொடுத்த நாளுக்கு, பதிவேட்டில் பெயரும் ஓராண்டு சர்வீஸும் உள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. ஆனால் "காஷுவல்" என்று எழுதப்பட்டவனுக்கு அந்தப் பாதி கிடையாது. இருவரும் ஒரே மிஷினில் நின்றவர்கள்தான். பதிவேட்டில் எழுதிய ஒரு சொல் ஒருவனுக்குச் சோறு போட்டது, இன்னொருவனைப் பட்டினி போட்டது.

பட்டாசுத் தோழர்களும் இதை அனுபவித்தவர்களே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்குத் தடை விதித்தது. தீபாவளி முடிந்ததும் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. பதிவேட்டில் பெயரே இல்லாமல் பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்கள் எந்தச் சட்டத்தைக் காட்டி, யாரிடம் போய்ப் பாதிச் சம்பளம் கேட்பது?

லே-ஆப், பஞ்சப்படி, கிராஜுவிடி ஆகிய சொற்களை நம்முடைய தகப்பன்மார் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சங்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். இன்று நம் பிள்ளைகள் வேறு இரண்டு வாசல்களில் நிற்கிறார்கள். ஒன்று காலேஜ் வாசல், மற்றொன்று கம்பெனி வாசல். அங்கே வேறு சொற்கள் நடமாடுகின்றன. அவற்றையும் நாம் சங்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

மாறி மாறி வரும் சொற்கள்

நம் வட்டாரத்தின் சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். 1953இல் ராஜாஜி மந்திரிசபை ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளை பாதி நாள் பள்ளியில் படிக்கட்டும், மீதிப் பாதி நாள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்பது திட்டம். "குலக் கல்வி" என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1954இல் விருதுநகர்க்காரரான காமராஜ் முதன்மந்திரி ஆனதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது.

ஆனால் சிவகாசிப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்களா? இல்லை. விடியுமுன் பஸ்ஸில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்கள் போதும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டியும் வெடிமருந்தும் தடைப் பட்டியலில் இருந்தன. ஆனால் குடும்பத்தினர் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு அந்தத் தடை இல்லை என்று ஒரு வரியும் கூடவே இருந்தது. ஆபீசில் செய்தால் குற்றமான வேலை, "குடும்பம்" என்ற சொல்லின் மறைவில் திண்ணையில் தொடர்ந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்று அது உத்தரவிட்டது.

அதன்பின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். தாய்மார்களின் பாடும் சங்கங்களின் போராட்டமும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. இன்று திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் பிளஸ் டூ முடிக்காத பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. சந்தோஷம்!

ஆனால் சுரண்டல் போகும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. அன்று "வீட்டுத் தொழில்" என்று வந்தது, பிறகு "குடும்பம்" என்று வந்தது. இன்று "பயிற்சி" என்றும் "வாய்ப்பு" என்றும் இங்கிலீஷ் சட்டை போட்டு வருகிறது. ஆளை அடையாளம் காண வேண்டுமானால் அந்தச் சட்டையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

காலேஜ் வாசலில்

முதலில் காலேஜ் வாசல். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடு தேடி ஓர் ஆள் வருவான். "அண்ணாச்சி, உங்கள் பெண்ணுக்கு இஞ்சினீயரிங் சீட்டு ரெடியாக இருக்கிறது. டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான். இது தர்மம் என்று நினைக்காதீர்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. அவன் சொல்லும் சீட்டு எந்த வகைச் சீட்டு? அதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சீட்டு இரண்டு வகை. ஒன்று, கவுன்சிலிங் சீட்டு. மார்க் அடிப்படையில் சர்க்கார் நடத்தும் ஒற்றைச் சாளர முறையில் கிடைப்பது. மற்றொன்று, மானேஜ்மெண்ட் கோட்டா. நிர்வாகம் தானே நிரப்பிக்கொள்வது. ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் இந்த வித்தியாசத்தில்தான் சலுகைகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

எப்படி? "பஸ்ட் கிராஜுவேட்" என்று ஒரு சொல் உண்டு. முதல் பட்டதாரி. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், தொழிற்படிப்பில் சேரும் அந்தப் பிள்ளைக்குச் சர்க்கார் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. 2010 முதல் உள்ள ஏற்பாடு இது. இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருந்தும். ஆனால் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான் உண்டு. மானேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு இல்லை. தரகன் இதைச் சொல்வானா? சொல்லமாட்டான். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது "7.5 சதவீதம்". ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளிலும் இந்த ஒதுக்கீடு வந்தது. இதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்று அறிவித்தார்கள். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். "சர்க்கார் பள்ளி" வேறு, "சர்க்கார் உதவி பெறும் பள்ளி" வேறு. நம் ஊர்களில் சமூகங்களும் டிரஸ்டுகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் படித்தவர்கள் 7.5 சதவீதத்தில் வரமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் தாய்மார்களும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"கட்-ஆப்" என்றால் என்ன? இஞ்சினீயரிங்குக்குக் கணக்கில் 100, பௌதிகத்தில் 50, ரசாயனத்தில் 50, ஆக 200க்குப் பிள்ளை எடுத்தது எத்தனை என்பதே. மொத்த மார்க் 500க்கு மேல் வாங்கியும் கட்-ஆப் குறைந்துவிட்டதே என்று திகைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆர்ட்ஸ் காலேஜில் வேறொரு சூட்சுமம் உண்டு. உதவி பெறும் காலேஜ்கள் பலவற்றில் இரண்டு பிரிவுகள் நடக்கின்றன. சர்க்கார் சம்பளத்தில் வாத்தியார்கள் உள்ள "எய்டட்" பிரிவு ஒன்று. நிர்வாகமே கட்டணம் வாங்கி நடத்தும் "செல்ப் பைனான்ஸ்", அதாவது சுயநிதிப் பிரிவு மற்றொன்று. மில்லில் ஷிப்ட் மாறுவதுபோல் ஒரே கட்டிடத்தில் ஷிப்ட் மாறி நடப்பதும் உண்டு. பட்டம் ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல. "இது எய்டடா, செல்ப் பைனான்ஸா?" என்ற ஒரு கேள்வி மூன்று வருஷத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

"காபிடேஷன் பீ" என்பது சீட்டுக்காக வாங்கும் நன்கொடை. 1992ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே அதற்கு ரசீது தரமாட்டார்கள். எதற்கு ரசீது இல்லையோ, அதற்குப் பணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். "காஷன் டெபாசிட்" என்பது படிப்பு முடிந்ததும் திரும்பித் தர வேண்டிய பணம். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பணயக் கைதிபோல் நிறுத்துவதும் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாக விதி வகுத்திருக்கிறது. ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

கடன் வாசலில்

காலேஜுக்குப் பக்கத்திலேயே பாங்கு இருக்கிறது. கல்விக் கடன் வாங்குவது தவறல்ல. கந்துவட்டிக்காரனிடம் போவதைவிட எவ்வளவோ மேல். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு பாங்குகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் விதி. "வீட்டுப் பத்திரம் கொண்டு வா" என்றால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் "மாரடோரியம்" என்ற சொல்லில் கவனம் தேவை. படிப்பு முடியும் வரையிலும் அதற்குப்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பது அதன் பொருள். வட்டி ஓடாது என்பதல்ல! வருஷத்துக்கு 75,000 வீதம் நான்கு வருஷத்தில் 3 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. ஐந்தாம் வருஷக் கடைசியில் தனி வட்டி மட்டுமே 1,05,000 ஆகிவிடும். தூங்குகிற பிள்ளை மாதிரி கடனும் சத்தமில்லாமல் வளரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சில படிப்புகளில் மத்திய சர்க்காரின் வட்டி மானியம் உண்டு. கேட்காமல் தானாக வராது. கடன் மனு கொடுக்கும் அன்றே வருமானச் சான்றிதழையும் கொடுத்து, மானியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கம்பெனி வாசலில்

இனி வேலை. "பிளேஸ்மெண்ட்" என்று விளம்பரம் செய்கிறார்கள். வேலை வாங்கித் தருவோம் என்பது வேறு, இண்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்வோம் என்பது வேறு. பொடி எழுத்தில் இரண்டாவதுதான் இருக்கும்.

பிறகு "சி.டி.சி." என்ற சொல் வருகிறது. வருஷத்துக்கு 1,80,000 என்று கடிதம் வந்தால், மாதம் 15,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போடுகிறோம். சி.டி.சி. என்பது நம் பிள்ளையின் பெயரில் கம்பெனி எழுதும் மொத்தச் செலவு. அதைப் பிரித்துப் பார்ப்போம். சம்பளம் 12,000. கம்பெனி செலுத்தும் பிராவிடண்ட் பண்டு, நூற்றுக்குப் 12 வீதம், 1,440. கம்பெனியின் இ.எஸ்.ஐ. பங்கு, 3.25 சதவீதம், 390. கிராஜுவிடிக்கென்று எழுதிய தொகை 577. போனஸ் கணக்கில் 583. கூட்டினால் 14,990 ஆகிவிட்டது! இனி 12,000இலிருந்து பிள்ளையின் பங்காகப் பிராவிடண்ட் பண்டுக்கு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 90 பிடிப்பார்கள். கையில் வருவது 10,470. ஹாஸ்டல், கேண்டீன், பஸ் பிடித்தம் தனி.

பிராவிடண்ட் பண்டும் இ.எஸ்.ஐ.யும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவை தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பாதுகாப்பு. பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். யு.ஏ.என். நம்பரும் இ.எஸ்.ஐ. நம்பரும் வாங்காமல் இரண்டாம் மாதம் வேலை செய்யக் கூடாது.

அடுத்து, "அப்ரண்டீஸ்". 1961ஆம் வருஷச் சட்டப்படி அப்ரண்டீஸ் என்பவர் பயில்பவர், தொழிலாளி அல்ல. அவருக்குச் சம்பளம் இல்லை, உதவித்தொகைதான். 2019 விதிகளில் அது மாதம் 5,000 முதல் 9,000 வரை குறைந்தபட்சமாக வைக்கப்பட்டது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வேலையிடத்தில் காயம் பட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், முடிவில் சான்றிதழ் கிடைக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்த பையன் உண்மையில் தொழில் கற்றுக்கொள்ள இது நல்ல வழிதான்.

ஆனால் "டிரெய்னி" என்று கம்பெனி தானாக வைக்கும் பெயருக்கு இந்தப் பதிவு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். மூன்று வருஷம் முழு ஷிப்ட் உற்பத்தி செய்பவளுக்குப் "பயிற்சி" என்ன பயிற்சி? "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் பஞ்சாலைகளில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மூன்று வருஷ முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை இல்லை என்றார்கள். கல்யாணம் என்ற நல்ல சொல்லையே கண்ணியாக்கினார்கள்.

ஏன் இந்தப் "பயிற்சி" மேல் இவ்வளவு ஆசை? தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். மாதத்துக்கு 20 நாள் கணக்கு. இந்த 480ஐக் கண்டுதான் முதலாளிக்குப் பயம். அதனால்தான் டிரெய்னி என்கிறான், காண்ட்ராக்ட் என்கிறான், நடுவில் பத்து நாள் நிறுத்திவைத்துப் பிறகு கூப்பிடுகிறான். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். கூலிச் சீட்டு ஒன்றையும் கிழித்துப் போடக் கூடாது.

"காண்ட்ராக்ட்" என்ற சொல்லின் விலை நமக்குத் தெரியும். பட்டாசில் அதை உள்குத்தகை என்போம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, ஷெட்டுகள் வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தது அப்போதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. லைசென்ஸ் யாருடையது, கூலி யாருடையது, பொறுப்பு யாருடையது என்று தெரியாத இடத்தில் உயிருக்குக் கேட்பாரில்லை.

"பாண்ட்" என்பது இத்தனை வருஷத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது. "அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது, சும்மா போடு" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை பாங்கில் மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்று படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலாக்கியிருக்கிறது. சங்கங்கள் அவற்றை எதிர்க்கின்றன, எதிர்ப்பு தொடரும். ஆனால் அதில் உள்ள ஒரு வரியை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு எழுத்து மூலம் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பதே அது. கடிதத்தில் "பிக்சட் டெர்ம்" என்று இருந்தால், குறித்த தேதியோடு வேலை முடியும், ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது என்று பொருள். ஒரு வருஷம் முடித்தால் கிராஜுவிடி மட்டும் உண்டு.

"படித்து என்ன லாபம்?"

சிலர் கேட்கிறார்கள்: "இவ்வளவு கண்ணி இருக்கும்போது ஏன் படிக்க வைக்க வேண்டும்? டிகிரி முடித்தவனும் பட்டாசு ஆபீசில்தானே கணக்கு எழுதுகிறான்?" இந்தக் கேள்வியில் வேதனை இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. படித்தவனுக்கு வேலை கொடுக்காத சமுதாய அமைப்பை மாற்றப் போராட வேண்டும். ஆனால் அதற்காகப் பிள்ளையை மருந்து அறைக்கு அனுப்ப முடியுமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் எரிந்ததை நாம் மறந்துவிட்டோமா? கரிசல் காட்டில் மழை பொய்த்ததற்காக விதைப்பதை எந்த விவசாயியும் நிறுத்திவிடவில்லை. விதையைப் பார்த்து வாங்குகிறான். அதுபோலப் பார்த்துப் படிக்க வைப்போம்.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? தரகன் கையில் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். புரியாத காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "நாளை வருகிறேன்" என்று சொல்லுங்கள். நாளைக்குள் சீட்டு போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவன்தான் ஏமாற்றுகிறவன். காகிதத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்களும் பத்தாவதோடு நின்றவர்கள்தான். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்வோம். முன்னே படித்து முடித்த நம் பிள்ளைகள் மாலை நேரத்தில் வந்து மனு எழுதித் தர வேண்டும். அது அவர்கள் இந்தத் தெருவுக்குப் பட்டிருக்கும் கடன்.

சர்க்காரிடமும் ஒரு கோரிக்கை வைப்போம். காலேஜ் மனு, கட்டணப் பட்டியல், கடன் பத்திரம், நியமனக் கடிதம் எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்த் தொழிலாளி கையெழுத்துப் போடும் காகிதம் அவன் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

பிள்ளைகளே! அர்த்தம் கேட்க வெட்கப்படாதீர்கள். இங்கிலீஷ் தெரியாதது அவமானமல்ல. தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு காசு பறிப்பதுதான் அவமானம். தலை நிமிர்ந்து, "இதற்கு என்ன பொருள்? தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.